மானிட்டர் மினுக்கினால் முதலில் எங்கே பார்ப்பது?

திரை மினுக்க ஆரம்பித்ததும் பலர் முதலில் கை வைப்பது டிரைவரில்தான், அதாவது படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளில். அதை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். சரியாகவில்லையா, விண்டோஸையே புதிதாக நிறுவுவார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் புது மானிட்டர் வாங்கிவிடுவார்கள். கடைசியில் புது மானிட்டரும் அதே பழைய கேபிளில் மாட்டப்பட்டு அதே மாதிரி மினுக்கும்.

நிரலிலிருந்து கிராபிக்ஸ் கார்டு, அங்கிருந்து கேபிள், கேபிளிலிருந்து மானிட்டருக்குள் இருக்கும் போர்டு, கடைசியாகப் படம் தெரியும் பலகையான பேனலும் அதன் பின்னால் எரியும் பேக்லைட்டும். படம் உங்கள் கண்ணுக்கு வரும் பாதை இவ்வளவுதான். இவை எல்லாவற்றுக்கும் அடியில் மின்சாரம். மினுக்கல் இந்தப் பாதையில் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். அதைக் கண்டுபிடிக்க கருவி எதுவும் வேண்டாம், ஐந்து பத்து நிமிடப் பொறுமை இருந்தால் போதும்.

எப்படி மினுக்குகிறது என்று பாருங்கள்

"ஸ்கிரீன் மினுக்குது" என்ற ஒரே வார்த்தைக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அதனால் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.

திரை முழுக்க ஒன்றிரண்டு விநாடி கறுத்துப்போய் மறுபடி வருகிறதென்றால், கணினிக்கும் மானிட்டருக்கும் இடையிலான தொடர்பு அறுந்து மறுபடி சேர்கிறது என்று பொருள். படம் அப்படியே இருக்க, ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகளோ வண்ணப் புள்ளிகளோ பொரிந்து மறைந்தால் அநேகமாகக் கேபிள்தான். படம் அசையாமல் வெளிச்சம் மட்டும் கூடிக் குறைந்தால் பேக்லைட்டையோ ஏதாவது ஒரு தானியங்கி வெளிச்ச அமைப்பையோ சந்தேகப்படலாம். ஒரே ஒரு நிரலின் ஜன்னல் மட்டும் துடித்தால் அது மென்பொருள் விவகாரம். மங்கலான பட்டைகள் மெதுவாக மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ நகர்ந்தால் மின்சார இடையூறு. சதுரம் சதுரமாகக் கண்டபடி நிறங்கள் சிதறினால் கிராபிக்ஸ் கார்டோ அதன் நினைவகமோ சூடாகியிருக்கலாம், அல்லது பழுதாகியிருக்கலாம். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் செங்குத்துக் கோடு என்றால் பேனல். அது போனது போனதுதான்.

எப்போது வருகிறது என்பதும் முக்கியம். கணினியை இயக்கிய முதல் சில நிமிடங்களிலா, விளையாட்டு ஓடும்போதா, பக்கத்து அறையில் ஏதாவது சுவிட்ச் போடும்போதா? நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். சில கோளாறுகளை அந்தத் தாளே காட்டிக் கொடுத்துவிடும்.

மெனு சோதனையும் ஸ்கிரீன்ஷாட் சோதனையும்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த இரண்டையும் படித்துவிடுங்கள்.

முதலாவது மெனு சோதனை. மானிட்டரின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும் பொத்தானை அழுத்தினால் வெளிச்சம், நிறம் எல்லாம் மாற்றும் மெனு வரும். அந்த மெனுவை வரைவது கணினி அல்ல, மானிட்டரே. அதனால் மினுக்கல் நடந்துகொண்டிருக்கும்போது அதைத் திறந்து பாருங்கள். பின்னால் இருக்கும் படம் துடிக்க மெனு மட்டும் நிலையாக நின்றால், மானிட்டர் நன்றாக இருக்கிறது, அதற்கு வரும் சிக்னலில்தான் கோளாறு. மெனுவும் சேர்ந்து துடித்தால் மானிட்டருக்குள்ளேயோ அதற்கு வரும் மின்சாரத்திலோ சிக்கல். மானிட்டரின் வேகத்தை ஏற்றி இறக்கும் ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் போன்ற வசதிகள் இயங்கினால் அவற்றை அணைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அவற்றால் வரும் மினுக்கலில் மெனுவும் சேர்ந்து ஆடக்கூடும்.

திரை முழுக்கக் கறுத்துப்போகும் வகையாக இருந்தால் மெனுவும் மறைந்துவிடலாம். அப்போது மானிட்டரின் சிறு விளக்கைப் பாருங்கள். விளக்கின் நிறம் மாறினாலோ சிக்னல் இல்லை என்ற செய்தி எட்டிப் பார்த்தாலோ, மானிட்டர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. விளக்கே அணைந்து எரிந்தால் மின்சாரம் விட்டு விட்டு வருகிறது. பவர் கேபிள், அடாப்டர், மானிட்டரின் பவர் போர்டு, இந்த மூன்றில் ஒன்று.

இரண்டாவது ஸ்கிரீன்ஷாட் சோதனை. தவறான கோடுகளோ நிறங்களோ தெரியும் நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விட்டு விட்டு வருகிறதென்றால் திரையைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கைபேசியிலோ வேறு கணினியிலோ திறந்து பாருங்கள். பதிவிலும் அதே கோளாறு தெரிந்தால், படம் கணினியை விட்டு வெளியேறும் முன்பே கெட்டுவிட்டது. கேபிளையும் மானிட்டரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பதிவு சுத்தமாக இருந்தால் பார்வையை கேபிள் பக்கமும் மானிட்டர் பக்கமும் திருப்புங்கள். இந்த இரண்டாவது முடிவு முதலாவது அளவுக்கு உறுதியானதல்ல. படத்தை வெளியே அனுப்பும் கடைசிக் கட்டத்தில் டிரைவர் செய்யும் தவறுகள் பதிவில் விழாமல் போகலாம்.

மூன்றாவதாக ஒன்றும் செய்யலாம். கணினியை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ச் சில நிமிடங்கள் அப்படியே விடுங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுக்கினால் மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. அங்கே மினுக்கவில்லை என்பதால் மட்டும் கேபிள் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பயாஸ் பெரும்பாலும் குறைந்த ரெசல்யூஷனில் ஓடும், அந்தக் குறைந்த சுமையைத் தாங்கும் கேபிள் முழுச் சுமையில் தடுமாறலாம்.

கேபிள்

சிக்னல் பக்கம் கோளாறு என்று தெரிந்துவிட்டால் இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

1. இரண்டு முனைகளையும் முழுக்கக் கழற்றி மறுபடி அழுத்தமாகச் செருகுங்கள். டிஸ்பிளே போர்ட் பிளக்கில் பூட்டுக் கொக்கி இருந்தால் அதை அழுத்திக்கொண்டே கழற்ற வேண்டும். விஜிஏ, டிவிஐ என்றால் இரு பக்கத் திருகுகளையும் இறுக்குங்கள்.
2. மினுக்கல் நடக்கும்போது பிளக்கை மெதுவாகத் தொட்டு அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்ப மாறினால் குற்றவாளி கையில் இருக்கிறது.
3. நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர், ஸ்பிளிட்டர், டாக், நீட்டிப்புக் கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேராக இணையுங்கள்.
4. வேறு கேபிள், பிறகு மானிட்டரிலும் கணினியிலும் வேறு போர்ட்.
5. முடிந்தால் இந்த மானிட்டரை இன்னொரு கணினியிலும், இந்தக் கணினியை இன்னொரு மானிட்டரிலும் இணைத்துப் பாருங்கள்.

"டிஜிட்டல் கேபிள் என்றால் வந்தால் வரும், வராவிட்டால் வராது, இடைப்பட்ட நிலை கிடையாது" என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. 3840×2160 அளவில் விநாடிக்கு 60 முறை படம் அனுப்ப, நிறத் தகவல் மட்டுமே விநாடிக்கு ஏறக்குறைய 1,200 கோடி பிட் ஆகிறது. கேபிள் அந்த வேகத்தின் விளிம்பில் இருந்தால் சில பிட்கள் மட்டும் தவறும், அவைதான் திரையில் பொரியும் புள்ளிகள். தவறுகள் எல்லை மீறினால் தொடர்பு அறுந்து திரை கறுக்கும்.

எச்டிஎம்ஐ கேபிள் வாங்கும்போது உறை மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஹை ஸ்பீடு வகை 4கே (3840×2160) அளவை 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 30 முறை, கொண்டுபோகும். பிரீமியம் ஹை ஸ்பீடு வகை விநாடிக்கு 18 கிகாபிட் வரை சோதிக்கப்பட்டது, 4கே 60 ஹெர்ட்ஸுக்குப் போதும். அதற்கு மேல், 4கே 120 ஹெர்ட்ஸ் மாதிரி என்றால் 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீடு வேண்டும். நீளமும் கணக்கில் வரும். அதிவேக டிஸ்பிளே போர்ட் இணைப்பில் சாதாரண கேபிள் 2 மீட்டரைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தேவைக்கு மேல் நீளமாக வாங்கி மேசைக்குப் பின்னால் சுருட்டி வைப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

டிஸ்பிளே போர்ட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தரமாகச் செய்த கேபிளில் 20-ஆம் பின் (பிளக்கின் உள்ளே இருக்கும் தொடுமுனை) இரு முனைகளுக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்காது. மலிவான சில கேபிள்களில் இணைத்திருப்பார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் நுழைந்து, கணினியை இயக்குவதிலேயே விசித்திரமான தொல்லைகள் வரும். மினுக்கலோடு கணினி சரியாக அணையாமலோ இயங்காமலோ அடம்பிடித்தால் இதை நினைவில் வையுங்கள்.

வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்

கையில் வேறு கேபிள் இல்லையா? ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) குறைப்பது நல்ல மாற்றுச் சோதனை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போனால் அந்த எண் இருக்கும். 144 ஹெர்ட்ஸில் ஓடினால் 120, பிறகு 60 என்று இறக்குங்கள். குறைத்ததும் நின்றுவிட்டால் கேபிளோ போர்ட்டோ முழு வேகத்தைத் தாங்கவில்லை. புது கேபிள் வரும் வரை அந்தக் குறைந்த வேகத்திலேயே வேலை பார்க்கலாம், எதுவும் கெட்டுப்போகாது.

மானிட்டரின் அறிவிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் யாராவது ஓவர்கிளாக் செய்து வைத்திருந்தால் அதை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சில மானிட்டர்களின் மெனுவிலேயே அப்படி ஒரு வசதி உண்டு.

பெட்டி போன்ற பழைய சிஆர்டி மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். அதில் 60 ஹெர்ட்ஸ் என்பதே கண்ணை உறுத்தும் மினுக்கல். 75 அல்லது 85-க்கு ஏற்றினால் அடங்கும். எல்சிடி திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒளி அணைவதில்லை, அதனால் 60 என்பது தன்னளவில் மினுக்கலைத் தராது.

விளையாடும்போது மட்டும் வெளிச்சம் துடிக்கிறதா?

ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் ஆகியவை கிராபிக்ஸ் கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தையும் ஏற்றி இறக்குகின்றன. படம் கிழியாமல் ஓட அருமையான ஏற்பாடு. ஆனால் விஏ, ஓஎல்இடி என்ற இரு வகைப் பேனல்களிலும் வேகம் சட்டென்று மாறும்போது வெளிச்சமும் கொஞ்சம் மாறும். விளையாட்டு லோட் ஆகும் திரை, மெனு, இருண்ட காட்சிகள், இங்கெல்லாம் நன்றாகத் தெரியும். அணைத்துவிட்டுப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் உறுதி.

இதற்காக மானிட்டரைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டியதில்லை. விளையாட்டின் ஃப்ரேம் ரேட்டுக்கு (விநாடிக்கு எத்தனை படம் என்ற எண்) உங்கள் கணினி விடாமல் தரக்கூடிய ஓர் அளவில் உச்சவரம்பு வைத்துவிட்டால் ஏற்ற இறக்கம் குறையும், மினுக்கலும் குறையும். இல்லை, விளையாடாத நேரத்தில் இந்த வசதியை அணைத்து வையுங்கள். மேசைப் பணிகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

வெளிச்சம் மெதுவாக, படத்துக்கு ஏற்ப ஏறி இறங்கினால் அது கோளாறே அல்ல. மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், எக்கோ மோட், லோக்கல் டிம்மிங், அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சார் எதுவாவது இயங்குகிறதா என்று பார்த்து ஒவ்வொன்றாக அணையுங்கள். மடிக்கணினியில் பேட்டரியை மிச்சப்படுத்த, படத்தின் இருளுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைக்கும் அமைப்பு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸிலும் கிராபிக்ஸ் டிரைவரின் மின்சேமிப்புப் பகுதியிலும் இருக்கும்.

வெளியிலிருந்து வரும் இடையூறு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. காரணம் கணினிக்கு வெளியே இருக்கும், ஆனால் எல்லோரும் கணினியைத்தான் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபிரிட்ஜின் கம்ப்ரசர், பம்பு மோட்டார், பழைய டியூப்லைட் போன்றவை இயங்கும்போதும் அணையும்போதும் ஒரு நொடிப்பொழுது மின்காந்த அதிர்வை வெளியிடும். கேபிளின் உலோக உறை சரியில்லை என்றால் அந்த அதிர்வு கம்பிக்குள் புகுந்து சிக்னலைக் கலைக்கும், திரை ஒரு தடவை கறுத்து மீளும். நீங்கள் குறித்து வைத்த தாள் இங்கேதான் உதவும். சுவிட்ச் போடும் நேரமும் கறுக்கும் நேரமும் ஒத்துப்போனால் வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்று நாற்காலி. உயரத்தை ஏற்றி இறக்கும் வாயு உருளை கொண்ட அலுவலக நாற்காலியிலிருந்து எழும்போதோ அதில் உட்காரும்போதோ நிலைமின்சாரம் வெளியேறி, அருகிலிருக்கும் வீடியோ கேபிள் அதைப் பிடித்துக்கொள்ளும். திரை சட்டென்று அணைந்து எரியும். யூஎஸ்பி வழியாக மானிட்டரை இணைக்கும் தொழில்நுட்பத்தைத் தரும் டிஸ்பிளேலிங்க் நிறுவனம் தன் உதவிக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. காற்று வறண்டிருக்கும் நாட்களில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். எழுந்து போகும்போதெல்லாம் திரை கறுக்கிறது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அவர்களை நம்புங்கள்.

என்ன செய்யலாம்? வீடியோ கேபிளையும் பவர் கேபிளையும் ஒன்றாகக் கட்டி வைக்காதீர்கள். அவை குறுக்கே வெட்டிப் போகலாம், நீண்ட தூரம் ஒட்டிப் போகக்கூடாது. நல்ல உறை கொண்ட குட்டையான கேபிளுக்கு மாறுங்கள். கேபிள் முனைக்கு அருகே மாட்டும் கறுப்பு ஃபெரைட் வளையமும் சில இடங்களில் பலன் தரும். மானிட்டரை மோட்டார் சாதனங்கள் இல்லாத வேறு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். யூபிஎஸ் வழியாக வருகிறதென்றால் கொஞ்ச நேரம் அதைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகிப் பார்க்கலாம்.

மெதுவாக நகரும் பட்டைகள் விஜிஏ போன்ற அனலாக் இணைப்பில் அதிகம் வரும். கணினி ஒரு சாக்கெட்டிலும் மானிட்டர் வேறு அறையின் சாக்கெட்டிலும் இருந்து, இரண்டின் எர்த் அளவும் சற்றே வேறுபட்டால், அந்த வேறுபாடு வீடியோ கேபிள் வழியாக ஓடும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் மறைந்துவிடும். சிலர் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். பட்டை மறையலாம், ஆனால் சாதனத்தில் மின்கசிவு வந்தால் உங்களைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

விஜிஏ படத்தில் எழுத்துகள் மட்டும் நடுங்கினால் மானிட்டரில் ஆட்டோ அட்ஜஸ்ட் அழுத்துங்கள், போதும்.

மென்பொருள் என்று தெரிந்தால்

ஸ்கிரீன்ஷாட் சோதனை கணினிப் பக்கம் கை காட்டினால் மட்டும் இங்கே வாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். திரையில் மற்றதெல்லாம் மினுக்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அமைதியாக இருந்தால் ஏதோ ஒரு நிரல்தான் காரணம். டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர். மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் சோதனை இது.

நிரல் என்றால், சமீபத்தில் நிறுவியதை நீக்கிப் பாருங்கள். டெஸ்க்டாப் அலங்காரம், திரைமேல் எண்கள் காட்டும் கருவி, திரைப்பதிவு நிரல் ஆகியவற்றை முதலில் அணையுங்கள். பிரௌசர் மட்டும் மினுக்கினால் அதன் செட்டிங்ஸில் ஹார்டுவேர் அல்லது கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டுப் பிரௌசரை மறுபடி திறந்தால் பெரும்பாலும் தீரும்.

டிரைவர் என்றால், முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) என்ற நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் மூடாது. தற்காலிக மயக்கம் என்றால் தெளிந்துவிடும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் கீழே உங்கள் கார்டைத் திறந்து, டிரைவர் தாவலில் ரோல் பேக் டிரைவர் கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். புதிது எப்போதும் நல்லது என்று கிடையாது. ரோல் பேக் மங்கலாக இருந்தால் கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முந்தைய பதிப்பை எடுத்து நிறுவலாம்.

கண் மட்டும் உணரும் மினுக்கல்

வெளிப்படையாக எதுவும் தெரியாது, ஆனால் ஒரு மணி நேரத்தில் கண் எரியும், தலை வலிக்கும். பல மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க பேக்லைட்டை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து எரிக்கின்றன. கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. சிலருக்கு மட்டும் அது ஒத்துக்கொள்வதில்லை. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, வெள்ளைத் திரையை வைத்து, முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். மங்கலான ஒரே நிழலாகத் தெரிந்தால் பிரச்சினையில்லை. தனித்தனிப் பென்சில்கள் வரிசையாக நிற்பதுபோல் தெரிந்தால் பேக்லைட் துடிக்கிறது.

தீர்வு சுலபம். மானிட்டரின் பிரைட்னெஸை உயர்த்தி வைத்துவிட்டு, கண் கூசாமல் இருக்க கிராபிக்ஸ் டிரைவரில் வெளிச்சத்தைக் குறையுங்கள். கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், கண்ணுக்கு அது எவ்வளவோ மேல். அறை விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மானிட்டர் வாங்கும்போது ஃபிளிக்கர் ஃப்ரீ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கைபேசிக் கேமராவில் மட்டும் பட்டைகள் ஓடினால் கவலைப்பட வேண்டாம். கேமராவின் வேகமும் திரையின் வேகமும் பொருந்தாததால் வருவது அது.

மடிக்கணினி

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மினுக்கினால், கீல் வழியாகப் போகும் மெல்லிய டிஸ்பிளே கேபிள் தேய்ந்திருக்கிறது. வெளி மானிட்டரை இணைத்துப் பார்த்து, அதில் படம் சுத்தமாக இருந்தால் கிராபிக்ஸ் சிப் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடையலாம். அந்தக் கேபிளை மட்டும் மாற்றினால் போதும், பேனலையே மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

மானிட்டரே என்றால்

இயக்கியதும் மினுக்கி, சூடேறியதும் அடங்கிவிடும் பழைய மானிட்டரில் பவர் போர்டில் மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். எல்இடிக்கு முந்தைய தலைமுறைத் திரை, இளஞ்சிவப்பாக எரிந்து ஒன்றிரண்டு விநாடியில் அணைந்தால் உள்ளே இருக்கும் குழல் விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் போர்டோ போய்விட்டது. தனி அடாப்டரில் ஓடும் மானிட்டர் என்றால் முதலில் அதே வோல்டேஜும் அதே அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியரும் கொண்ட, பிளக் அளவும் முனைத்திசையும் பொருந்தும் வேறு அடாப்டரில் பாருங்கள். கோளாறு அங்கேயே முடிந்துவிடலாம்.

மின்னணுப் பழுது பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் மானிட்டரைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது மினுக்கலின் காணொளி ஒன்றையும், நேரம் குறித்த தாளையும், எந்தெந்தக் கேபிளிலும் கணினியிலும் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பவர் போர்டு என்றால் சரிசெய்து வாங்குங்கள். பேனல் என்றால் செலவு புது மானிட்டரை நெருங்கும், உத்தரவாதக் காலம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.